கை ஏன் சொன்னபடி கேட்கவில்லை? மூளையின் ‘வாய்க்கால்’களைப் படம் பிடிக்கும் ஸ்கேன்... நோயாளிக்கு என்ன பயன்?

சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை. நடக்கும்போது ஒரு கால் செருப்பு மட்டும் அடிக்கடி கழன்றுவிடுகிறது. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. ‘வயசாகுதுல்ல’, ‘கழுத்து எலும்பு தேஞ்சிருக்கும்’ என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒத்தடம், தைலம், கழுத்துப் பட்டை என்று மாதங்கள் ஓடுகின்றன. அதற்குள் கட்டைவிரல் பக்கத்துச் சதை வற்றிப்போயிருக்கும்.

பீடி சுற்றியும், பாய் பின்னியும், நாற்று நட்டும் விரல்களை நம்பியே பிழைக்கும் ஊர்கள் தாமிரபரணிக் கரையில் ஏராளம். அங்கே இப்படி ஒரு விரல் சோர்ந்தால், சோறு கொடுக்கும் வேலையே நின்றுபோகும். அதன் பின்னால் இருக்கக்கூடிய நோய்களில் மிகக் கடுமையானது ‘மோட்டார் நியூரான் நோய்’. சுருக்கமாக எம்.என்.டி. தமிழில் இயக்க நரம்பணு நோய் என்று சொல்கிறார்கள்.

இந்த நோயில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை நோயாளி உயிரோடு இருக்கும்போதே பார்க்க முடியாத காலம் ஒன்று இருந்தது. இப்போது மூளையின் எந்தப் பகுதி எதனுடன் எவ்வளவு தொடர்பில் இருக்கிறது என்பதையே ஸ்கேன் வரைந்து காட்டுகிறது. இதனால் நெல்லையிலோ தென்காசியிலோ இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இன்று என்ன பயன், எதற்கு இன்னும் காத்திருக்க வேண்டும்?

பொதிகையிலிருந்து வயல் வரை

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, புன்னைக்காயலில் கடலைச் சேர்வதற்குள் சுமார் 128 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆறு நேரடியாக வயலுக்குள் பாய்வதில்லை. அணைக்கட்டுகளில் தேங்கி, கன்னடியன் கால்வாய், நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய் என்று பிரிந்து, மடை வழியாகத்தான் பயிருக்குப் போகிறது.

நம் உடலின் அசைவும் ஏறக்குறைய இப்படித்தான். மூளையின் மேற்பரப்பில் உள்ள ‘மோட்டார் கார்டெக்ஸ்’ என்ற இயக்கப் பகுதியில் கட்டளை பிறக்கிறது. அங்கிருந்து நீண்ட நரம்பிழைகள் கீழே இறங்கி, மூளைத்தண்டில் பெரும்பாலும் வலது இடமாகக் குறுக்கே கடந்து, தண்டுவடத்துக்கு வருகின்றன. இது ஆறு. தண்டுவடத்தில் காத்திருக்கும் இரண்டாவது வகை நரம்பணு, கட்டளையை வாங்கித் தசைக்குக் கொண்டுபோகிறது. இது வாய்க்கால். முதலாவதை ‘மேல் இயக்க நரம்பணு’ என்றும், இரண்டாவதைக் ‘கீழ் இயக்க நரம்பணு’ என்றும் டாக்டர்கள் அழைக்கிறார்கள்.

எம்.என்.டி நோயில் இந்த நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன. கீழ் நரம்பணு அழிந்தால் தசை மெலியும், துடிக்கும், தளரும். மேல் நரம்பணு அழிந்தால் தசை விறைக்கும், அனிச்சைச் செயல்கள் அளவுக்கு மீறிப் பாயும். இரண்டும் சேர்ந்து பாதிக்கப்படும் வகைதான் ஏ.எல்.எஸ். உலகம் முழுக்க அதிகம் காணப்படுவதும் இதுதான். பிரான்ஸ் நாட்டு நரம்பியல் மேதை ஜான் மார்ட்டின் ஷார்கோ 1869-ல் இதை விவரித்தார். அமெரிக்க பேஸ்பால் வீரர் லூ கெரிக்கை 1939-ல் மைதானத்திலிருந்து வெளியேற்றியதும், இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கை 21 வயதில் பிடித்ததும் இதே நோய்தான்.

ஹாக்கிங் 2018 வரை, 76 வயது வரை வாழ்ந்தார். அது மிகவும் அரிது. ஏ.எல்.எஸ் நோயாளிகளில் பெரும்பாலோர் அறிகுறி தொடங்கிய 2 முதல் 5 ஆண்டுகளுக்குள் மூச்சுத் தசைகள் செயலிழந்து இறந்துவிடுகிறார்கள். பத்தில் ஒருவருக்கு 10 ஆண்டுகளைத் தாண்டியும் வாழ்க்கை நீள்கிறது. ஒருவருக்கு ஏன் வேகமாகவும் இன்னொருவருக்கு ஏன் மெதுவாகவும் பரவுகிறது என்பதுதான் ஆராய்ச்சியாளர்களைப் பல ஆண்டுகளாகக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி.

மெட்ராஸ் பெயரில் ஒரு நோய்

இந்தக் கேள்விக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1970-ல் சென்னையைச் சேர்ந்த டாக்டர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூவரும் ‘நியூராலஜி இந்தியா’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த சில நோயாளிகள் பாடப்புத்தக எம்.என்.டி-க்குள் அடங்கவில்லை. வயதானவர்கள் அல்ல, இளைஞர்கள். கை, கால்கள் மெலிந்திருந்தன. முகத் தசையும் நாக்கும் பலவீனமாக இருந்தன. அதோடு, பலருக்குக் காதும் கேட்கவில்லை. மிக முக்கியமாக, நோய் மிக மெதுவாகவே நகர்ந்தது. பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் அவர்கள் உயிரோடு இருந்தார்கள்.

மருத்துவ உலகம் இதற்கு ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்’ என்றே பெயர் வைத்தது. தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா, கேரளா ஆகிய தென் மாநிலங்களில்தான் இத்தகைய நோயாளிகள் அதிகம் பதிவாகியிருக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் டாக்டர் கௌரி தேவி, டாக்டர் நளினி ஆகியோரின் குழுக்கள் இத்தகைய நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து விவரங்களை வெளியிட்டன.

இதில் ஒரு முக்கியமான திருப்பமும் உண்டு. காது கேளாமை, முகத்தளர்ச்சி, கை கால் மெலிவு என்று கிட்டத்தட்ட இதே அறிகுறிகளோடு வரும் இன்னொரு அரிய மரபணு நோய் இருக்கிறது. ‘ரைபோஃப்ளேவின்’ என்ற வைட்டமின் பி2 சத்தைச் செல்களுக்குள் கொண்டுசெல்லும் புரதத்தில் ஏற்படும் கோளாறு அது. அதிக அளவு பி2 கொடுத்தால் பலருக்கு நல்ல பலன் கிடைக்கிறது. மெட்ராஸ் நோயும் அதுவும் ஒன்றுதானா என்ற சந்தேகம் எழுந்தது. நிம்ஹான்ஸ் குழுவும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து 2013-ல் வெளியிட்ட ஆய்வு, இரண்டும் வேறு வேறு என்று காட்டியது. ஆனாலும், காது கேட்காமல் போவதோடு கையும் முகமும் தளரும் ஒரு பிள்ளையை, பி2 கோளாறு இருக்கிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது. ஒன்றுக்கு மருந்து இருக்கிறது, மற்றதற்கு இன்னும் இல்லை.

காது கேளாத பிள்ளைகளுக்கு நூறாண்டுகளுக்கும் மேலாகக் கல்வி கொடுத்துவரும் பள்ளி உள்ள ஊர் பாளையங்கோட்டை. அந்த மண்ணில் இந்தத் தகவல் பெற்றோர், ஆசிரியர்களிடம் போய்ச்சேர வேண்டியது அவசியம். செவித்திறன் குறைந்த பிள்ளைக்குப் பேச்சு மேலும் குழறினாலோ, கை மெலிந்தாலோ, காது டாக்டரோடு நரம்பியல் டாக்டரையும் பார்க்க வேண்டும்.

‘ஸ்கேன் நார்மல்’... அப்புறம் ஏன் கை வரவில்லை?

எம்.என்.டி நோயாளிகளின் வீட்டில் அடிக்கடி எழும் குழப்பம் இது. காசு செலவழித்து எம்.ஆர்.ஐ எடுத்தால், ‘குறிப்பிடும்படி எதுவும் இல்லை’ என்று ரிப்போர்ட் வருகிறது. ஆனால் கை நாளுக்கு நாள் மோசமாகிறது.

காரணம் எளிது. வழக்கமான எம்.ஆர்.ஐ மூளையின் உருவத்தைக் காட்டும். கட்டி, ரத்தக்கசிவு, அடைப்பு, நரம்பை அழுத்தும் எலும்பு எல்லாம் அதில் தெரியும். நரம்பணுக்கள் நுண்ணளவில் உதிர்வது அதில் பெரும்பாலும் தெரியாது. வரப்பு நிற்கிறது, கரை நிற்கிறது. உள்ளே தண்ணீர் ஓடுகிறதா என்பதை அந்தப் படம் சொல்லாது.

அதைச் சொல்லும் இரண்டு முறைகள் கடந்த 30 ஆண்டுகளில் வளர்ந்தன. இரண்டுமே பழைய எம்.ஆர்.ஐ மெஷினில்தான் எடுக்கப்படுகின்றன. படம் எடுக்கும் விதமும் கணக்கும்தான் வேறு.

முதல் முறை ‘டிஃப்யூஷன் டென்சர் இமேஜிங்’. சுருக்கமாக டி.டி.ஐ. அமெரிக்காவில் பீட்டர் பாஸர் குழு 1994-ல் கொண்டுவந்தது. மூளைத் திசுவில் இருக்கும் நீர் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதை இது அளக்கிறது. கரை கட்டிய வாய்க்காலில் தண்ணீர் ஒரே திசையில்தான் ஓடும். கரை உடைந்தால் நாலாபக்கமும் பரவும். நரம்பிழைக் கட்டு நன்றாக இருந்தால் நீர் அதன் நீளவாக்கில் நகர்கிறது. இழைகள் சிதைந்தால் இஷ்டத்துக்குப் பரவுகிறது. அதை வைத்து எந்தப் பாதை சேதமாகியிருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். இது அமைப்பு சார்ந்த தொடர்பு.

இரண்டாவது முறை ‘ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ’. வேலை செய்யும் மூளைப் பகுதிக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் போகும். அந்த மாற்றத்தை எம்.ஆர்.ஐ சிக்னலாகப் பிடிக்கலாம் என்று ஜப்பானைச் சேர்ந்த செய்ஜி ஒகாவா 1990-ல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணிபுரிந்தபோது காட்டினார்.

சும்மா படுத்திருந்தாலும் பேசும் மூளை

இங்கேதான் இந்தியாவில் பிறந்த ஓர் ஆராய்ச்சியாளர் வருகிறார். அமெரிக்காவின் விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ஆய்வு செய்துகொண்டிருந்த பரத் பிஸ்வால், 1995-ல் ஒரு விநோதத்தைக் கவனித்தார். ஸ்கேனருக்குள் ஒருவர் விரலைக்கூட அசைக்காமல் சும்மா படுத்திருக்கிறார். ஆனாலும் அவருடைய மூளையின் இடது இயக்கப் பகுதியிலும் வலது இயக்கப் பகுதியிலும் சிக்னல் ஒரே தாளத்தில் ஏறி இறங்கியது. மிக மெதுவான அலை அது. ஓர் அலை முடிய 10 விநாடிக்கு மேல் ஆகும். ஆரம்பத்தில் பலர் இதை வெறும் இரைச்சல் என்று நினைத்தார்கள். பிறகு மூளை ஆராய்ச்சியில் தனித் துறையாகவே இது வளர்ந்தது.

இதைப் புரிந்துகொள்ள நெல்லைக்காரர்களுக்குக் குளங்களே போதும். இரண்டு குளங்களுக்கு நடுவே இருக்கும் வாய்க்கால் கண்ணுக்குத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் ஒன்றில் நீர்மட்டம் ஏறும்போதெல்லாம் மற்றதிலும் ஏறுகிறது, ஒன்றில் வடியும்போது மற்றதிலும் வடிகிறது. ‘இரண்டுக்கும் ஏதோ தொடர்பு இருக்கு’ என்று ஊர்க்காரர் சொல்லிவிடுவார். ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ மூளைப் பகுதிகளின் தொடர்பைக் கண்டுபிடிப்பதும் அப்படித்தான். டி.டி.ஐ வாய்க்காலைப் பார்க்கிறது. இது குளங்களின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது.

எம்.என்.டி நோயாளிகளுக்கு இந்த ஸ்கேனில் இன்னொரு வசதி உண்டு. விரலை அசையுங்கள், கையை மடக்குங்கள் என்று சொல்லி எடுக்கும் ஸ்கேன், கையே வராத நோயாளிக்குப் பயன்படாது. சும்மா படுத்திருந்தால் போதும் என்பது அவர்களால் முடிகிற காரியம். ஆனால், மூச்சுத் தசை தளர்ந்தவர்களால் மல்லாந்து படுக்க முடியாது. அதனால் இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலும் ஆரம்ப, நடுக்கட்ட நோயாளிகளே இடம்பெறுகிறார்கள்.

படத்தில் தெரிந்தது என்ன?

ஏ.எல்.எஸ் நோயாளிகளை டி.டி.ஐ-யில் பார்த்த ஆரம்பகால ஆய்வுகளில் ஒன்று 1999-ல் லண்டனில் இருந்து வெளியானது. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பிரதான பாதை சேதமாகியிருப்பது அதில் தெரிந்தது. எதிர்பார்த்ததுதான். அடுத்து வந்தது கொஞ்சம் புதிது. இடது, வலது மூளையை இணைக்கும் பாலமான ‘கார்ப்பஸ் கலோசம்’ பகுதியும் பாதிக்கப்படுகிறது என்று 2010-ல் ஆக்ஸ்ஃபோர்டு குழு காட்டியது. கையில் ஆரம்பித்தாலும் காலில் ஆரம்பித்தாலும், பலருக்கும் பொதுவாக இந்தப் பாலத்தில் சேதம் இருந்தது.

பெரிய ஆச்சரியம் ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ-யில் காத்திருந்தது. நரம்புப் பாதை அழிந்தால் பகுதிகளுக்கு இடையிலான தொடர்பும் குறைய வேண்டும் அல்லவா? 2009-ல் வந்த ஒரு ஜெர்மானிய ஆய்வு அப்படித்தான் சொன்னது. ஆனால், 2010-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்தில் நடந்த சிறிய ஆய்வு ஒன்றில், நோய் வேகமாகப் பரவியவர்களுக்கு இயக்கப் பகுதிகளின் தொடர்பு கூடுதலாக இருந்தது. 2011-ல் ஆக்ஸ்ஃபோர்டு குழுவும், பாதை சிதைந்த இடங்களைச் சுற்றி ஒத்திசைவு அதிகமாகியிருப்பதைக் கண்டது. நோய் மெதுவாக நகர்ந்தவர்களின் மூளையோ ஆரோக்கியமானவர்களின் மூளைக்கு நெருக்கமாக இருந்தது.

இதற்கு அவர்கள் முன்வைத்த விளக்கம் இது. மூளையில் கட்டளை போடும் செல்கள் மட்டுமல்ல, ‘போதும், நிறுத்து’ என்று அடக்கும் செல்களும் உண்டு. மடையைத் திறக்கத் தெரிந்தால் மட்டும் விவசாயம் நடக்காது, நேரத்துக்கு அடைக்கவும் ஆள் வேண்டும். அடைக்கும் நீர்ப்பாய்ச்சி இல்லாமல் போனால், தண்ணீர் தேவையில்லாத வயலிலும் ஏறிப் பயிரை அழுகவைக்கும். எம்.என்.டி நோயில் அந்த அடக்கும் செல்கள் செயலிழப்பதால் இயக்கப் பகுதி அளவுக்கு மீறித் தூண்டப்படுகிறது, அதுவே நரம்பணுக்களை மேலும் சோர்வடையச் செய்யலாம் என்பது ஒரு கருத்து. இழந்ததை ஈடுகட்ட மூளை எடுக்கும் முயற்சியாகவும் அந்தக் கூடுதல் ஒத்திசைவு இருக்கலாம் என்பது இன்னொரு கருத்து. விவாதம் இன்னும் முடியவில்லை.

அறிகுறி வருவதற்கு முன்பே ஸ்கேனில் மாற்றம் தெரியுமா என்பது அடுத்த கேள்வி. எம்.என்.டி நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த நோய் இருக்கிறது. அத்தகைய குடும்பங்களில் ‘சி9’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மரபணு மாற்றத்தைச் சுமந்தவர்களை பிரான்ஸ் ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2018-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 40 வயதுக்குக் குறைந்த, எந்த அறிகுறியும் இல்லாதவர்களின் மூளை நரம்பிழைகளில்கூட மாற்றங்கள் இருந்தன. நோய் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உள்ளே வேலையைத் தொடங்கிவிடுகிறது.

கோபம், அழுகை, சிரிப்பு... குணம் மாறியது ஏன்?

குடும்பங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது. ‘உடம்புதான் தளரும், மூளை தெளிவாக இருக்கும்’ என்றுதான் எம்.என்.டி பற்றி நீண்ட காலம் சொல்லிவந்தார்கள். மூளைத் தொடர்பு ஸ்கேன்களும் மனநிலைப் பரிசோதனைகளும் அதைத் திருத்தி எழுதவைத்தன. திட்டமிடுதல், பொறுமை, பிறர் மனதைப் புரிந்துகொள்ளுதல் ஆகியவற்றைக் கவனிக்கும் முன்மூளைப் பகுதிகளின் இணைப்புகளும் பலருக்குப் பாதிக்கப்படுகின்றன. ஏ.எல்.எஸ் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு லேசான சிந்தனை அல்லது நடத்தை மாற்றம் இருக்கிறது. பத்தில் ஒருவருக்குச் சற்று கூடுதலானவர்களுக்கு அது முழு மறதிநோயாகவே மாறுகிறது.

வீட்டில் இது எப்படித் தெரியும்? எல்லோரையும் அனுசரித்துப் போனவர் திடீரென எரிந்து விழுவார். பேரப்பிள்ளைகள் என்றால் உயிராக இருந்தவர் எதிலும் நாட்டமில்லாமல் உட்கார்ந்திருப்பார். ‘இவ்வளவு பார்த்துக்கிட்டும் திமிரு குறையல’ என்று பராமரிப்பவர்கள் மனம் உடைந்துபோவார்கள். அது திமிர் அல்ல, நோயின் ஒரு பகுதி.

இன்னொன்று, கட்டுப்படுத்த முடியாத அழுகையும் சிரிப்பும். துக்க வீட்டில் சிரிப்பு பீறிடும். சின்ன விஷயத்துக்கு அழுகை நிற்காது. அழுபவர் உள்ளுக்குள் அவ்வளவு வருத்தத்தில் இருக்க மாட்டார். உணர்ச்சி வெளிப்பாட்டுக்குக் கடிவாளம் போடும் நரம்புப் பாதைகள் பாதிக்கப்படுவதே காரணம். இதைக் கட்டுப்படுத்த மருந்துகள் உண்டு. டாக்டரிடம் சொல்லாமல் மறைப்பதால்தான் பலருக்கு அது கிடைப்பதில்லை.

இந்த ஸ்கேனை நெல்லையில் எடுக்க வேண்டுமா?

நேரடியான பதில்: வேண்டாம். மூளைத் தொடர்பை அளக்கும் ஸ்கேன் இன்றுவரை ஆராய்ச்சிக்கான கருவி மட்டுமே. நூறு நோயாளிகளின் சராசரியை நூறு ஆரோக்கியமானவர்களின் சராசரியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு எம்.என்.டி உண்டா, இல்லையா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மெஷினுக்கு மெஷின், ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறுகிறது. ‘ஸ்பெஷல் பிரெய்ன் ஸ்கேன்’ என்று யாராவது பெரிய தொகை கேட்டால், அது சிகிச்சையை எப்படி மாற்றும் என்று கேட்பதில் தவறில்லை.

தேவைப்படுவது மூன்று. நரம்பியல் டாக்டரின் பொறுமையான நேரடிப் பரிசோதனை, ஈ.எம்.ஜி எனப்படும் தசை மின்பரிசோதனையும் நரம்புக் கடத்தல் சோதனையும், வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்ய வழக்கமான எம்.ஆர்.ஐ. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் 1965-ல் தொடங்கிய திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரியில், 2019-ல் பல்நோக்கு உயர் சிகிச்சைக் கட்டடம் திறக்கப்பட்டது. நரம்பியல் சந்தேகத்துக்கு எடுத்த எடுப்பில் சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏற வேண்டியதில்லை.

வழக்கமான எம்.ஆர்.ஐ எடுப்பதைத் தவிர்க்கவும் கூடாது. எம்.என்.டி போலவே தோன்றி, சிகிச்சைக்கு வசப்படும் நோய்கள் சில இருக்கின்றன. கழுத்து எலும்பு தண்டுவடத்தை அழுத்துவது ஒன்று. நோய் எதிர்ப்பாற்றல் கோளாறால் நரம்புக் கடத்தல் தடைபடுவது இன்னொன்று. 20 வயதை ஒட்டிய இளைஞர்களுக்கு ஒரு கை மட்டும் மெலிந்து, சில ஆண்டுகளில் தானாகவே நின்றுவிடும் நோய் ஒன்றும் உண்டு. ஜப்பானில் ஹிராயாமா 1959-ல் விவரித்த அதை, இந்தியாவில் ‘ஓர் அவய மெலிவு’ என்ற பொருள் தரும் பெயரில் கௌரி தேவி 1984-ல் பதிவு செய்தார். இதில் கழுத்தைக் குனிந்த நிலையில் வைத்து எம்.ஆர்.ஐ எடுத்தால்தான் கோளாறு தெரியும். நேராகப் படுத்து எடுத்தால் தப்பிவிடலாம். கை மெலிந்த இளைஞனுக்கு ‘உயிர்க்கொல்லி நோய்’ என்று முத்திரை குத்துவதற்கு முன் இதைக் கேட்டுப் பார்ப்பது அவசியம்.

மருந்தும் மாய வாக்குறுதியும்

ஏ.எல்.எஸ் நோய்க்கு 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிலுசோல் மாத்திரை இந்தியாவிலும் கிடைக்கிறது. சோதனைகளில் அது ஆயுளைச் சில மாதங்கள் நீட்டித்தது. எடராவோன் என்ற மருந்தும் புழக்கத்தில் இருக்கிறது. ‘எஸ்.ஓ.டி1’ என்ற மரபணுக் கோளாறு உள்ள சிறு பிரிவினருக்காக டோஃபெர்சன் என்ற மருந்துக்கு 2023-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. அந்த மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கு அறிகுறி வரும் முன்பே இதே மருந்தைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வும் நடக்கிறது. மூளை ஸ்கேன் ஆராய்ச்சியின் உண்மையான மதிப்பு இங்கேதான். மருந்து வேலை செய்கிறதா என்பதை, நோயாளி நடக்க முடியாமல் போகும்வரை காத்திருக்காமல், மூளையிலேயே அளந்து பார்க்க ஒரு கருவி வேண்டும்.

ஸ்கேனைவிடச் செலவு குறைந்த வழியும் முளைத்திருக்கிறது. அயர்லாந்தின் டப்ளினில் உள்ள டிரினிட்டி கல்லூரிக் குழு, தலையில் மின்முனைகளைப் பொருத்தி எடுக்கும் ஈ.ஈ.ஜி பதிவை வைத்தே, மூளை வலையமைப்பின் மாற்றத்தில் ஏ.எல்.எஸ் நோயாளிகள் நான்கு பிரிவாக அமைவதாக 2022-ல் அறிவித்தது. ஈ.ஈ.ஜி மெஷின் மாவட்டத் தலைநகரங்களிலும் இருக்கிறது. இந்த முறை உறுதிப்பட்டால், பெரிய ஸ்கேனர் இல்லாத ஊர்களுக்கும் அது வந்துசேரும்.

இதற்கிடையே, ‘ஸ்டெம் செல் போட்டால் நரம்பு துளிர்க்கும்’ என்று விளம்பரம் செய்பவர்களும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சில நிலைகளுக்கு மட்டுமே ஸ்டெம் செல் சிகிச்சைக்கு இடம் உண்டு. மற்றவை முறையான ஆய்வாக நடக்க வேண்டும், ஆய்வில் பங்கேற்பவரிடம் பணம் வாங்கக் கூடாது. வயலை விற்று ஊசி போடுவதற்கு முன் இந்த ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

நோயை நிறுத்த முடியாவிட்டாலும், வாழ்நாளையும் வாழ்க்கைத் தரத்தையும் கூட்டும் வழிகள் இருக்கின்றன.

* சாப்பாடு: முதலில் புரையேறுவது பெரும்பாலும் தண்ணீர்தான். கெட்டியான கஞ்சி, சொதி ஊற்றிக் குழைத்த சோறு எளிதாக இறங்கும். எடை குறையத் தொடங்கினால், வயிற்றில் உணவுக்குழாய் வைப்பது பற்றிக் காலதாமதம் இல்லாமல் பேச வேண்டும். மூச்சு பலவீனமாகும் முன் செய்வதே பாதுகாப்பு.
* மூச்சு: காலையில் தலைவலி, பகலில் தூக்கக் கலக்கம், மல்லாந்து படுத்தால் திணறல் ஆகியவை மூச்சுத் தசை தளர்வதன் அறிகுறிகள். இரவில் முகமூடி வழியாகக் காற்று தரும் கருவி தூக்கத்தையும் ஆயுளையும் கூட்டுகிறது.
* பேச்சு: குரல் நன்றாக இருக்கும்போதே பிள்ளைகளின் பெயர், அன்றாட வாக்கியங்கள் ஆகியவற்றை மொபைலில் பதிவு செய்து வைக்கலாம். கண் அசைவு பெரும்பாலும் கடைசி வரை இருக்கும். எழுத்துப் பலகையைக் காட்டி, கண்ணாலேயே பேச முடியும்.
* உடற்பயிற்சி: மூட்டு இறுகாமல் இருக்க மென்மையான பயிற்சி போதும். ‘நல்லா பலமா செஞ்சா சரியாகும்’ என்று வருத்தக் கூடாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.
* சான்றிதழ்: மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பது நல்லது. நோயாளி நடமாடும்போதே செய்தால் அலைச்சல் குறையும்.
* பராமரிப்பவர்: பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோதான். வாரத்தில் ஒரு நாளாவது அவருக்கு ஓய்வு கிடைக்க வேண்டும். அதை மற்ற உறவினர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளலாம்.

யாருக்குப் பயம் வேண்டாம்?

இதைப் படித்துவிட்டு, கண் இமை துடிக்கிறது, கெண்டைக்கால் துடிக்கிறது என்று பதற வேண்டாம். பலவீனமும் மெலிவும் இல்லாத வெறும் துடிப்பு ஆரோக்கியமானவர்களுக்கும் சகஜம். மரத்துப்போதலும் எரிச்சலும்தான் முக்கியத் தொந்தரவு என்றால், சர்க்கரை நோய் போன்ற வேறு காரணங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வலியே இல்லாமல் ஒரு கையோ காலோ வாரக்கணக்கில் பலம் இழந்துகொண்டே போவது, தசை கண்ணுக்குத் தெரியும்படி மெலிவது, பேச்சு குழறுவது, அடிக்கடி புரையேறுவது... இவற்றில் எது இருந்தாலும் நரம்பியல் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். உலகம் முழுக்கவே, முதல் அறிகுறிக்கும் நோய் உறுதியாவதற்கும் நடுவே ஏறக்குறைய ஒரு வருடம் போய்விடுகிறது. சில ஆண்டுகளே கொடுக்கும் நோயில் ஒரு வருடம் என்பது மிகப் பெரியது.

2014-ல் உலகமே தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீடியோ போட்டது பலருக்கு நினைவிருக்கும். அந்த ‘ஐஸ் பக்கெட் சேலஞ்ச்’ இந்த நோய்க்கான நிதி திரட்டத்தான். அதில் வந்த பணம் புதிய மரபணுக்களைக் கண்டுபிடிக்க உதவியது. பத்து ஆண்டுகள் கழித்து, 2024-ல், கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு இன்னொரு செய்தியைச் சொன்னது. ஏ.எல்.எஸ் நோயால் பேச்சு புரியாத அளவுக்குக் குழறிப்போன ஒருவரின் இயக்கப் பகுதியில் நுண் மின்முனைகளைப் பொருத்தினார்கள். அவர் பேச முயலும்போது எழும் சிக்னலைக் கம்ப்யூட்டர் படித்து, 97 சதவிகிதம் சரியாக வார்த்தைகளாக்கியது. அவருடைய பழைய குரலிலேயே அது ஒலித்தது.

வாய்க்கால் வறண்டாலும் ஊற்று வற்றவில்லை என்பதற்கு அது சாட்சி. அந்தத் தொழில்நுட்பம் நம்மூருக்கு வர இன்னும் காலம் ஆகலாம். ஆனால், அசையாமல் படுத்திருப்பவரின் காதருகே குனிந்து பேசுவதற்கும், அவர் கண்ணால் சொல்வதைக் காத்திருந்து வாங்கிக்கொள்வதற்கும் எந்த மெஷினும் தேவையில்லை. சொல்ல வேண்டியது அவரிடம் நிறையவே இருக்கும்.